ரயிலேறத் தடுக்கப்பட்ட தேசபக்தர்

சென்னையிலிருந்து தெற்கே செல்வோர் விழுப்புரம் ஜங்ஷனைத் தாண்டாமற் போவது அரிது. இங்கே தினந்தோறும் வண்டியேறும் நம்மவர், கையில் பணமிருந்தும் ரயிலேற உரிமை மறுக்கப்பட்ட ஒரு வீரரை நினைத்துப் பார்க்க வேண்டும். அவரே சுப்பிரமணிய சிவா.

1884-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908-ல் தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளையுடன் நின்று பிரசங்கமாரி பொழிந்தார். கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றார். ராஜத்துரோக வழக்கில் பத்து வருஷ தீவாந்தர சிக்ஷை. அப்பீலில் அது ஆறாகக் குறைந்தது. சிவாவுக்கு ஆதரவளித்ததும் பிள்ளை மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று! வக்கீல் தொழில் புரியும் நாம் அத்தீர்ப்பை இன்றும் கூச்சத்துடனேயே வாசிக்கிறோம்.

1912-ல் சிறையினின்று வெளிவந்தபோது அவர் தேகத்தில் குஷ்டரோகம் குடியேறியிருந்தது. சிறையில் ஆட்டுரோமம் சுத்தஞ்செய்த வேலையே காரணமென்பர் சிலர். இந்நோய் கிருமியால் உண்டாவதென்று நார்வே தேசத்து ஹான்ஸன் 1873-லேயே கண்டறிந்தார்; பூர்வஜன்ம பாவத்திற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

நோயாளியை மூலையில் ஒடுங்கச் சொல்வதே ஊர் வழக்கம். சிவாவோ ஒடுங்க மறுத்தார். 1913-ல் ‘ஞானபாநு’ பத்திரிகையைத் தொடங்கினார். புண்பட்ட உடலோடு ஊரூராய்ச் சென்று ஜனங்கள் முன் நின்றார். சர்க்கார் அவரது நாவைக் கட்டமுடியாமல் நோயைச் சாக்கிட்டு ரயிலை அடைத்தது. அவர் கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் போனார். 1921-ல் மறுபடியும் சிறைக்கு அனுப்பினார்கள்; ரோகியோடு ஒரே வண்டியில் பிரயாணஞ் செய்தால் ஆபத்து, சிறையில் அடைத்தால் ஆபத்தில்லை போலும்!

அந்நியனை மட்டும் குறைகூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. 1981 முதல் கூட்டுமருந்துச் சிகிச்சையால் இந்நோய் முற்றிலும் குணமாகிறது. அப்படியிருந்தும், 1898-ம் வருஷத்துக் குஷ்டரோகிகள் சட்டத்தைச் சுதந்திர இந்தியா 2016 வரை ரத்து செய்யவில்லை. இந்நோயைக் காட்டி விவாகரத்துக் கோரும் வழி 2019 வரை திறந்தே கிடந்தது. சிவாவின் படத்திற்கு மாலையிடும் கைகள், விரல் மழுங்கிய ஒரு கிழவருக்குத் தேநீர்க்கடையில் தங்கள் பக்கத்தில் இடங்கொடுக்கின்றனவா?

தர்மபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் கண்டு, பாரதமாதாவுக்குக் கோயிலெடுக்க முனைந்தார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அஸ்திவாரக்கல் நாட்டினார். கோயில் எழும்பு முன்பே, 1925 ஜூலை 23-ந் தேதி, நாற்பத்தொரு வயது நிரம்பாத சிவா அவ்வூரிலேயே காலமானார். பாரதமாதா நினைவாலயம் அங்கே திறக்கப்பட்டது 2021-ம் வருஷத்தில்தான்.