மா. கிருஷ்ணனும் வேட்டையின் அறமும்

பெருங்குளம் அ. மாதவையாவைத் தமிழ் நாவல் வரலாறு மறக்கவில்லை. 'பத்மாவதி சரித்திர'த்தைப் பாடம் சொல்லாத தமிழ்த்துறை நம் வட்டாரத்தில் இராது. ஆனால் அவருடைய எட்டு மக்களுள் கடைக்குட்டியாக 1912 ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்த கிருஷ்ணனைப் பொருநைக் கரையின் இலக்கிய மேடைகள் நினைப்பது அரிதாகவே இருக்கிறது. இந்தியக் கானுயிர் இயலில் தனக்கெனத் தனி வழி கண்ட அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகிறது. நம் வட்டத்தின் பத்தாண்டு மலரில் அவர் வாழ்வைச் சொல்ல எடுத்துக்கொண்டமைக்கு அவர் நம் மண்ணில் பிறந்தவர் என்பது மட்டும் காரணமன்று. வேட்டையும் காவலும் ஒன்றையொன்று தாங்குவனவா, அழிப்பனவா என்னும் பழைய வழக்குக்கு அவருடைய வாழ்வே ஒரு சாட்சியம்.

மாதவையா உப்பு இலாகாப் பணியை விட்டு விலகிச் சென்னை மயிலாப்பூரில் குடியேறி, அச்சகம் வைத்துப் 'பஞ்சாமிர்தம்' இதழை நடத்தினார். அன்றைய மயிலாப்பூரில் இன்றுள்ள நெருக்கடி இல்லை. புதர்க்காடும் பொட்டலும் நரியும் பறவையும் வீட்டு வாசலுக்கு அருகிலேயே இருந்தன. சிறுவன் கிருஷ்ணன் பாடப் புத்தகத்தில் காட்டிய ஊக்கத்தைவிட இவற்றிடம் காட்டிய ஊக்கமே மிகுதி. 1925 அக்டோபரில் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பட்டப் படிப்பில் தமிழ் இடம்பெற வேண்டுமென்று வாதிட்டுப் பேசிய கையோடு மாதவையா உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது. தமிழுக்காகப் பேசி மாண்ட தந்தையின் மகன் பின்னாளில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுத நேர்ந்ததைக் காலத்தின் விளையாட்டு என்பதா, நம் தமிழிதழ்களின் வறுமை என்பதா? இரண்டாவதே உண்மைக்கு அருகில் நிற்பது என்பது என் எண்ணம்.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பேராசிரியர் பைசனின் அன்பு அவருக்குக் கிட்டியது. நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் ஆசிரியருடன் சென்று செடி கொடிகளைக் கண்டறிந்தார். நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையைப் பைசனின் துணைவியாரிடம் கற்றார். பின்னர்ச் சட்டமும் படித்தார். ஆனால் அது அவருக்குச் சோறு போடவில்லை. இந்துமதியை மணந்தது 1937இல். அச்சகம், வானொலி எனச் சில காலம் அலைந்த பின், 1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளியாசிரியர், விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் என்று அங்கே பல பொறுப்புகளை வகித்தார்.

இந்தச் சண்டூர்க் காலத்தில் சற்றே நிற்க வேண்டும். அன்றைய இந்தியாவில் கானுயிர்க் காவல் என்பது பெரும்பாலும் வேட்டைக்காரர் கையில் இருந்தது. சமஸ்தானக் காடு மன்னனின் வேட்டைக் காடு. வேறெவனும் அங்கே விலங்கைத் தொட்டால் தண்டனை உண்டு. ஆகவே விலங்குகள் பெருகின. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலும் நிலை இதுவே. நீலகிரியில் வரையாடுகள் அருகிப் போனதைக் கண்டு 1877இல் ஒரு சங்கம் அமைத்தவர்கள் துப்பாக்கி ஏந்திய துரைமார்கள். அவர்கள் முயற்சியால் 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் பெற்றே சுட வேண்டும். இன்ன மாதங்களில் சுடலாகாது. பெட்டை வரையாட்டைத் தொடலாகாது. முதுகில் வெண்மை படர்ந்த முதிய கடாக்களையே குறி வைக்க வேண்டும். சங்கப் புலவர் வருடை என்று பாடிய அந்த விலங்கு இன்றும் நீலகிரி முகட்டில் நிற்கிறதென்றால் அந்த வேட்டைக்காரர்களுக்கும் அதில் பங்குண்டு. இதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் அந்த அறத்திற்கு ஓர் எல்லை இருந்தது. வேட்டைக்காரன் காத்தது தான் வேட்டையாட விரும்பியதை மட்டுமே. கொம்பும் தோலும் தரும் விலங்குக்குக் காவல். அதை உண்ணும் செந்நாய்க்குக் கொலை. சென்னை மாகாணத்தில் செந்நாயைக் கொன்று காட்டினால் அரசே பணம் கொடுத்தது. மானைத் துரத்திக் கொல்வது கொடுமை என்று செந்நாயின் மேல் குற்றம் சாட்டியவர்கள், அதே மானைத் துப்பாக்கியால் கொல்வதை வீரமென்று கொண்டார்கள். அதே கூட்டத்தார்தாம் மலையோடைகளில் அயல்நாட்டு டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டவர்களும். காடு என்பது அவர்களுக்குத் தோட்டம். வேண்டியதை வளர்த்து வேண்டாததைக் களைவது அதன் முறை.

தமிழ் மரபு இதில் எங்கே நிற்கிறது என்று கேட்பது கவிஞர்கள் நிறைந்த இந்த வட்டத்தில் பொருந்தும். கடையெழு வள்ளல்களில் ஓரி ஒரே அம்பால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தியதாகப் பாடப்பட்டவன். பேகனோ மயிலுக்குப் போர்வை ஈந்தவன். இருவரையும் ஒரே வரிசையில் வைத்துப் போற்றிய சமூகம் நம்முடையது. நம் குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிற்பகுதி முழுவதும் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் கதை. வயலில் வந்து இறங்கும் பறவைகளின் பெயர்களைத் திரிகூடராசப்பக் கவிராயர் அடுக்குவது அந்த வேட்டைக்காக. முக்கூடற்பள்ளு மீன்களின் பெயர்களைத் திரட்டித் தந்திருப்பதும் அத்தகையதே. (அந்த முக்கூடல் சீவலப்பேரி, நம் முக்கூடலன்று. இதை ஒவ்வோராண்டும் மாணவர்க்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.) உயிரின் பெயர் அறிந்தவன் அதைப் பிடிப்பவனே. பிடிப்பவன் மறைந்தால் பெயரும் மறைந்துபோகும் என்னும் இக்கட்டை நம் சிற்றிலக்கியங்கள் தம்மை அறியாமலே பதிவு செய்திருக்கின்றன.

கிருஷ்ணன் அந்தப் பெயரறிவை வேட்டையிலிருந்து பிரித்தெடுக்க முயன்றவர். அவர் காலத்துக் கானுயிர் அறிஞர்கள் பலரும் துப்பாக்கி வழியே காட்டுக்குள் நுழைந்தவர்கள். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட் பின்னர்க் காவலர் ஆனார். சாலிம் அலி சிறுவனாகக் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியின் மஞ்சள் கழுத்தே அவரைப் பறவையியலுக்கு அழைத்துச் சென்றது. கிருஷ்ணன் வந்த வாசல் வேறு. தாவரவியலும் தூரிகையும் தமிழும் ஆங்கிலமும் அவரைக் கொண்டு சேர்த்தன.

1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. மறு ஆண்டு கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் எவரிடமும் சம்பளம் வாங்காமல் எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் இடையறாது வந்தது. கொல்லைப்புற அணிலும் காக்கையும் அதில் யானைக்கு நிகரான மதிப்பைப் பெற்றன. இது சிறிய செய்தியன்று. பெருவிலங்கே விலங்கு என்பது வேட்டைக்காரனின் கண். அந்தக் கண்ணை வாசகரிடமிருந்து அகற்றியதே அந்தப் பத்தியின் முதல் வேலை.

அந்த ஆண்டுகள் காட்டுக்குக் கொடிய ஆண்டுகள். மன்னர்கள் போயினர், அவர்கள் காவலும் போயிற்று. பயிர்க் காப்பு என்ற பெயரில் துப்பாக்கி உரிமங்கள் பெருகின. போரின் மிச்சமாக வந்த ஜீப்பும் கண்ணைக் கூச வைக்கும் விளக்கும் இரவு வேட்டைக்குத் துணையாயின. நடந்து சென்று, காற்றின் திசை பார்த்து, தப்பிக்க ஒரு வாய்ப்புக் கொடுத்துச் சுடும் பழைய முறை, அதன் குறைகளோடு, ஒரு முறையாக இருந்தது. விளக்கொளியில் திகைத்து நிற்கும் மானை வண்டியில் இருந்தபடி சுடுவதில் எந்த முறையும் இல்லை. வெளிநாட்டவர்க்குப் புலி வேட்டை ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள் வேறு. 1947இல் நடு இந்தியாவின் கொரியா சமஸ்தான மன்னர் ஓரிரவில் மூன்று சிவிங்கிப் புலிகளைச் சுட்டார். அதன்பின் அவ்வினம் இந்தியக் காட்டில் உறுதியாகக் காணப்படவில்லை. 1952இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

அதே 1952இல் இந்தியக் கானுயிர் வாரியம் அமைந்தது. கிருஷ்ணன் அதில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்தார். 1968இல் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரும் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக நூலாயிற்று. 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதே ஆண்டு நாடு முழுவதும் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் கானுயிர் பாதுகாப்புச் சட்டம். அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் புலிகள் 1,827. 1973 ஏப்ரலில் புலிகள் திட்டம் தொடங்கியபோது அதன் வழிகாட்டும் குழுவிலும் அவர் இருந்தார். காசுக்குக் கொல்லப்பட்ட செந்நாயும் இந்தச் சட்டத்தின் நிழலுக்குள் வந்தது.

கானுயிரைக் காப்பதற்குக் கிருஷ்ணன் காட்டிய காரணம் வேட்டைக்காரர் காட்டியதன்று. பொருளாதாரம் பேசுவோர் காட்டியதுமன்று. ஒரு நாட்டின் அடையாளம் அதன் கோயிலிலும் மொழியிலும் மட்டும் இல்லை, அந்த மண்ணில் தானே விளைந்த மரத்திலும் விலங்கிலும் இருக்கிறது என்பது அவர் கொள்கை. ஆகவே அயல் மரங்களைக் கொண்டுவந்து நடுவதை வன்மையாக எதிர்த்தார். காட்டை மனிதன் திருத்த வேண்டியதில்லை. கை வைக்காமல் விட்டாலே போதும் என்று வாதிட்டார்.

அவருடைய நிழற்படக் கலை இங்கே நினைக்கத்தக்கது. பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்த கனத்த ஒளிப்படக் கருவியைச் சுமந்து, கால்நடையாகவும் பழக்கிய யானையின் மேலிருந்தும் படம் எடுத்தார். அதுவும் கருப்பு வெள்ளையில் மட்டும். தடம் பார்த்தல், மோப்பம் படாத பக்கம் அணுகுதல், அசையாமல் காத்திருத்தல் என வேட்டுவன் திறன் அனைத்தும் அதற்கு வேண்டும். இறுதியில் விழுவது விலங்கன்று என்பதே வேறுபாடு. முதுமலையில் அவர் எடுத்த யானைப் படங்களைப் பார்ப்பவர், ஓரியின் திறனைப் பேகனின் மனம் எடுத்தாண்டது என்று எண்ணக்கூடும்.

வேடந்தாங்கலைப் பற்றி அரசுக்காக அவர் ஒரு சிறுநூல் எழுதினார். காவல் என்பது வேட்டைக்காரன் கொடுத்த கொடை என்னும் வாதத்துக்கு அந்த ஊர் நேர்மறுப்பு. பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்க வேண்டுமென்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டு உரிமை பெற்றவர்கள் அவ்வூர் உழவர்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளமும் அவ்வழியே. 1994இல் அரசு அதைச் சரணாலயம் ஆக்குவதற்கு முன்பே பறவைக்கு அஞ்சித் தீபாவளி வெடியைத் துறந்தவர்கள் அவ்வூர் மக்கள். அங்கே துப்பாக்கியும் இல்லை, சட்டமும் இல்லை. வீட்டு மரத்தில் கூடு கட்டும் நாரையைப் பிள்ளையாக நினைக்கும் பழக்கம் மட்டும் இருந்தது.

ஆயினும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை முழு வெற்றியாகப் பாட என்னால் இயலவில்லை. புலியை அருக வைத்தவர் மன்னரும் துரைமாரும் ஜீப் வேட்டையாளரும். சட்டம் வந்தபின் குற்றவாளிக் கூண்டில் முதலில் நின்றவர் கௌதாரிக்குக் கண்ணி வைத்த நரிக்குறவர், பாம்புத் தோலை நம்பி வாழ்ந்த இருளர். இருளர்க்கு 1978இல் நஞ்செடுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைக் கொல்லாமலே அதன் அறிவால் பிழைக்க வழி பிறந்தது. குற்றாலத்துச் சிங்கனின் வழியினர்க்கு அப்படியொன்று கிட்டவில்லை. கை வைக்காத காடு என்னும் கிருஷ்ணனின் கொள்கையில் பாபநாசம் மலைக் காணிக்காரர்க்கு எங்கே இடம் என்று கேட்டால், எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

மலையடிவார உழவர்களின் வழக்கும் தீரவில்லை. கடையம், ஆழ்வார்குறிச்சி, பாபநாசம் பக்கங்களில் ஓரிரவில் பன்றிக் கூட்டம் உழுதுபோட்ட வயலைக் கண்டவர்க்கு அறநூல் கைகொடுக்காது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025இல் தமிழக அரசு முடிவெடுத்தது. துப்பாக்கி மீண்டும் வந்திருக்கிறது. ஆனால் விளையாட்டுக்கன்று, தனியார் கையிலும் அன்று. 1950களில் பயிர்க் காப்பு உரிமம் எதில் முடிந்தது என்பதை அறிந்தவர் இந்த வரம்பின் பொருளை உணர்வர்.

முண்டந்துறை 1962இலேயே புலிச் சரணாலயம் ஆனது. சோலைமந்திக்காகக் களக்காடு 1976இல். இரண்டும் சேர்ந்து 1988இல் புலிகள் காப்பகம் ஆயின. ஜமீன்தார்கள் வேட்டையாடிய மலைகள் அவை. தாமிரபரணி பிறக்கும் மலைகளும் அவையே.

1996 பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் கிருஷ்ணன் காலமானார். அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவருடைய கடைசிப் பத்தி அச்சாகியிருந்தது. அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக வெளிக்கொணர்ந்தது அதன் பின்னரே.