குடியிலிருந்து விமோசனம்

மூதறிஞர் இராஜாஜி 1878இல் அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டியவர், அதனைத் துறந்து 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டார். உழைத்த கூலி கள்ளுக்கடையில் கரைய, ஏழையின் அடுப்பு எரியாதிருந்த காலம் அது. குடிப்பவரைப் பழிப்பதைவிட மீட்பதே கடன் என அவர் கொண்டார். 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' இதழைத் தொடங்கினார். கல்கி அதில் தோள்கொடுத்தார். பத்து இதழ்களோடு ஏடு நின்றது, முயற்சி நிற்கவில்லை.

1937இல் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பேற்றதும், அக்டோபர் 1 முதல் புதுச்சத்திரத்தையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொணர்ந்தார்.

1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதைத் தம் முதுமையில் காண நேர்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 25இல் மறைந்தார். குடியை விடுபவர்க்குத் தம் உறுதியோடு, கைவிடாத ஒரு துணையும் வேண்டும். அத்துணையாக வாழ்நாளெல்லாம் நின்றதே அவர் பெருமை.