தாய்மார்க்கு ஒரு வைத்தியர்: மேரி இரத்தினம் அம்மையார்

1896ஆம் ஆண்டிலே, அமெரிக்க மிஷனாரின் ஏற்பாட்டின்படி யாழ்ப்பாணத்து இணுவிலிற் பெண்களுக்கு வைத்தியம் செய்யவென ஓர் இளம் பெண் வந்து சேர்ந்தார். வயது 23. கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்து எலோரா என்னும் ஊரிற் பிறந்து, ரொறன்ரோவிலே மருத்துவம் பயின்றவர் அவர். இலங்கைக்குப் புறப்படுமுன்னரே நியூயோர்க்கிற் சந்தித்த யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை அவர் மணம் புரிந்திருந்தார். கணவர் பெயர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனக இரத்தினம்.

மிஷனாருக்கு அது பொறுக்கவில்லை. நோயாளரைத் தொட்டுப் பரிகாரஞ் செய்யலாம். அந்நோயாளரின் இனத்தான் ஒருவனைக் கைப்பிடித்தலாகாது என்னும் அக்கால மனநிலையை நாம் என்னென்பது! இணுவில் வாழ்வு நெடிது நீடிக்கவில்லை. கொழும்பு சென்ற அம்மையார் லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையிற் சிறிது காலம் பணிபுரிந்து, பின்னர்த் தாமே தனித்து வைத்தியம் பார்க்கலானார். இணுவில் இழந்ததை இலங்கை முழுவதும் பெற்றது.

அக்காலப் பேற்றறையை இன்றைய மாணாக்கர் மனத்திற் கொண்டுவருதல் அரிது. காற்றும் ஒளியும் புகாத அறை, பழஞ்சேலை, பரம்பரையாகக் கைவந்த தொழிலையுடைய மருத்துவிச்சி. காய்ச்சல் கண்டு தாய் பிதற்றினால் அது கொத்திப் பேயின் சேட்டை. மருத்துவிச்சியின் கைப்பழக்கத்தை இகழ்தல் முறையன்று. எத்தனையோ உயிர்களை அக்கைகள் காத்தன. கொப்பூழ்க்கொடி அறுக்குங் கருவியும் கையும் சுத்தி செய்யப்படாமையே கேடு. வைத்தியரிடம் அழைத்து வரும்போதோ காலங் கடந்துவிடும். 1930ஆம் ஆண்டில் இந்நாட்டிற் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் 175 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. மலேரியாக் கொள்ளை பரவிய 1935இல் அத்தொகை 263 ஆயிற்று.

மருந்துப் போத்தலால் மாத்திரம் இதனைத் தடுக்கவியலாது என்பது அம்மையாருக்குத் தெளிவாயிற்று. அவரது தாய்நாட்டிலே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். அதன் பின்னே ஒரு தாயின் துயரம் உண்டு. அதே ஒன்ராறியோ மாகாணத்திலே அடலெயிட் ஹூட்லெஸ் என்பவரின் கைக்குழந்தை 1889இல் இறந்தது. கெட்ட பாலே காரணம் என்று அவர் கருதினார். பால் கெடும் வகையை முன்னரே எவரேனும் தமக்குச் சொல்லியிருந்தால் என்று வருந்திய அத்தாயின் முயற்சியால், 1897இல் ஸ்ரோனி கிறீக் என்னும் ஊரிலே நாட்டுப்புற மாதர் சங்கம் முதன்முதல் தோன்றிற்று. மேரி அம்மையார் கனடாவை விட்டு வந்ததற்கு மறு ஆண்டு அது!

அச்சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் அம்மையார் இங்கு நிறுவியதே லங்கா மகிளா சமிதி. கிராமத்துப் பெண்கள் தம் ஊரிலேயே கூடி, குழந்தை வளர்ப்பு, உணவு, சுகாதாரம், வீட்டுத் தோட்டம், கைப்பணி என்பவற்றைப் பயின்றார்கள். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தல், கர்ப்பிணிக்குக் கீரையும் முட்டையும் வேண்டுமென அறிதல் முதலியன நமக்குச் சிறியனவாகத் தோன்றலாம். பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தலும் ஆகாதென்றிருந்த வீடுகளில் இவை சிறியனவல்ல. மாமியாரின் சொல்லைத் தனியொருத்தி மீறுதல் எளிதன்று. ஊர்ப்பெண்கள் பலர் ஒருங்கே கேட்டுக் கற்றதை மாமியாரும் தள்ளிவிடார். சங்கமாகக் கூட்டியதன் நுட்பம் இதுவென்றே எமக்குத் தோன்றுகின்றது. பள்ளிக்கூடங்களுக்கெனச் சுகாதார நூலும் மனைப்பணி நூலும் எழுதியமையால் அம்மையாரை ஆசிரியர் குழாத்துள்ளும் ஒருவராக நாம் எண்ணலாம்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. இடையறாப் பேறுகளால் மெலிந்த தாய்மாருக்காக 1937இல் கொழும்பிலே குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கியபோது கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு கொழும்பு மாநகர சபைக்கு அவர் தெரிவுசெய்யப்பட்டார். சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அப்பதவி பறிக்கப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடியோருள் ஒருவருக்கு நேர்ந்தது இது. அவரோ நகரசபைக் கதிரையை நம்பிக் கிராமத்துக்குச் சென்றவரல்லர்.

1958இல், 85 வயதிலே, மக்கள் தொண்டுக்கான மக்சேசே பரிசு அவரைத் தேடி வந்தது. 1960இல் ஆயிரங் குழந்தைகளுள் இறந்தவை ஏறத்தாழ 57. மலேரியா ஒழிப்பும், பயிற்சி பெற்ற மருத்துவமாதரும், இலவச வைத்தியமும் இதிற் பெரும் பங்கு கொண்டன. அந்நிலையைக் கண்ட பின்னரே, 1962இல், மேரி இரத்தினம் அம்மையார் காலமானார்.