தோற்றவர் பெயரில் ஒரு கோப்பை

ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் டெஸ்ட் கிரிக்கெட்டில் மோதுவது பிராங்க் வொரெல் கோப்பைக்காக. நண்பர்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் அக்கோப்பை முதன்முதலில் வழங்கப்பட்டபோது வொரெல் தோற்ற அணியின் காப்டன் என்பதும், வென்றவர் கையில் அதை எடுத்துக் கொடுத்தவரே அவர்தாம் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோற்றவர் பெயரைக் கோப்பைக்குச் சூட்டுவது உலக வழக்கமன்று. அந்தப் பெருமைக்குரிய மனிதர் யார்?

பார்படோஸ் தீவில் 1924-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி பிறந்தவர் வொரெல். அதே வட்டாரத்தில், பதினெட்டு மாத இடைவெளிக்குள் பிறந்த வீக்ஸ், வால்காட் இருவரையும் அவரோடு சேர்த்து மூன்று 'டபிள்யூ'க்கள் என்று உலகம் கொண்டாடிற்று. மெதுவாகப் பந்து வீசும் இடக்கைக்காரராகத் தொடங்கியவர், பத்தொன்பதாம் வயதில் டிரினிடாடுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 308 ஓட்டங்கள் குவித்தார். 1948-ல் டெஸ்ட் ஆட்டத்தில் நுழைந்தார். அதே ஆண்டில் ஊதியம் பற்றிக் கிரிக்கெட் வாரியத்தோடு பிணக்கு ஏற்பட, இந்தியாவுக்கு வந்த மேற்கிந்திய அணியில் அவர் இடம்பெறவில்லை. இங்கிலாந்துக்குச் சென்று லீக் ஆட்டக்காரராகப் பொருளீட்டினார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டமும் பெற்றார். 1950-ல் இங்கிலாந்து மண்ணிலேயே இங்கிலாந்தை 3-1 என்று வென்றபோது, டிரெண்ட் பிரிட்ஜில் அவர் அடித்தவை 261 ஓட்டங்கள்.

ஆட்டத்திறனில் குறையில்லை, படிப்பிலும் குறையில்லை. ஆயினும் காப்டன் பதவி மட்டும் எட்டவில்லை. அது வெள்ளையருக்கும் வெள்ளையரை ஒட்டியவர்க்கும் உரியதாய் இருந்தது. 1948-ல் ஹெட்லி என்னும் மேதைக்கே ஒரே ஒரு டெஸ்ட்தான் தலைமை கிட்டியது. வேடிக்கை என்னவெனில், 1950-51-ல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த காமன்வெல்த் அணிக்கு, ஏம்ஸ் ஆட இயலாத ஆட்டங்களில் வொரெல்தான் தலைமை தாங்கினார். நம் மைதானங்களில் வெள்ளைக்கார வீரர்களை நடத்திச் சென்றவருக்குத் தம் சொந்த அணியை நடத்தத் தகுதியில்லையாம்! டிரினிடாடில் எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் தாம் ஆசிரியராயிருந்த பத்திரிகையில் இதற்காகப் போராடினார். கடைசியில் 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரெல் காப்டன் ஆனார். முழுத் தொடருக்கும் நியமிக்கப்பட்ட முதல் கறுப்பர் அவரே. அவருக்கு முன் காப்டனாயிருந்த அலெக்சாண்டர் மனக்கசப்பின்றி விக்கெட் கீப்பராக நின்று, தொடரில் மட்டையாலும் சாதித்தார். இவருடைய பெருந்தன்மையையும் நாம் மறக்கலாகாது.

பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஆஸ்திரேலியா வெல்ல 233 ஓட்டங்கள் வேண்டும். கடைசி ஓவர் வீச வந்தவர் வெஸ் ஹால். அக்காலத்தில் அங்கே ஓவருக்கு எட்டுப் பந்துகள். ஆறு ஓட்டங்கள் தேவை, மூன்று விக்கெட்டுகள் கைவசம். காப்டன் பெனாடு அவுட். ஒரு காட்சை ஹாலே ஓடிவந்து நழுவவிட்டார். பிறகு கிரவுட் ரன் அவுட். ஓட்டங்கள் சமம். ஏழாம் பந்தில் ஒற்றை ஸ்டம்பைக் குறிபார்த்து ஜோ சாலமன் எறிந்தார், மெக்கிப் வீழ்ந்தார். டெஸ்ட் வரலாற்றில் முதல் 'டை'! (இரண்டாவது, 1986-ல் நம் சேப்பாக்கத்தில் நிகழ்ந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.)

அத்தொடரை ஆஸ்திரேலியா 2-1 என்று வென்றது. அந்த 'டை' ஆட்டத்தின் பந்து ஒன்றைப் பதித்து, முன்னாள் வேகப்பந்து வீச்சாளரும் நகைத் தொழிலாளருமான எர்னி மக்கார்மிக் கோப்பை செய்தார். அதைப் பெனாடிடம் அளித்த வொரெல் தம் தொப்பியையும் டையையும் கோட்டையும் கழற்றிச் சேர்த்துக் கொடுத்தார். விடைபெறும் நாளில் மெல்போர்ன் தெருக்களில் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டு வழியனுப்பினர். தோற்ற அணிக்கு இத்தகைய ஊர்வலம் வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

அவர் வென்றெடுத்தது ஒற்றுமையைத்தான் என்பது என் கருத்து. ஜமைக்காவுக்கும் பார்படோசுக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேல் கடல். அதைவிடப் பெரிது தீவுப் பற்று. (நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மதுரைக்கு ஒரு மேசை, கோவைக்கு ஒரு மேசை என்று பிரிந்து உட்காரும் நமக்கு இது எளிதில் விளங்கும்.) தீவுகளின் அரசியல் கூட்டாட்சி 1962-ல் கலைந்தது, கிரிக்கெட் அணி கலையவில்லை.

அதே 1962-ல் பார்படோசில் கிரிபித்தின் பந்து நம் காப்டன் நரி காண்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. உயிருக்குப் போராடியவருக்கு முதலில் இரத்தம் கொடுக்க வந்தவர் எதிரணிக் காப்டன் வொரெல். காண்ட்ராக்டர் பிழைத்தார்.

1963-ல் ஓய்வு; 1964-ல் 'சர்' பட்டம். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதிக் காப்பாளராகவும் மாணவர் நலத் தலைவராகவும் பணியாற்றினார். 1965-ல் சோபர்ஸ் தலைமையில் மேற்கிந்திய அணி வொரெல் கோப்பையை முதன்முறையாக வென்றபோது, அணியின் மானேஜர் வொரெல்தான்! 1967 மார்ச் 13 அன்று ஜமைக்காவில் இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது நாற்பத்திரண்டு. பார்படோசில் பல்கலைக்கழக வளாகத்தின் அருகே அடக்கம் செய்தனர். கல்கத்தாவில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் 1981 முதல் பிப்ரவரி 3-ம் நாளை அவர் பெயரால் இரத்ததான நாளாக நடத்தத் தொடங்கியது.