அடைக்கலமும் பாட்டும்: ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் (1680–1747)

முன்னுரை

வீரமாமுனிவரின் வாழ்வைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் அவரை இலக்கணியாகவும் அகராதிக் கலையின் முன்னோடியாகவும் தேம்பாவணியின் ஆசிரியராகவும் காட்டி நிறைவடைகின்றன. அவர் இயற்றிய கலம்பகம், அந்தாதி, அம்மானை முதலிய சிறு நூல்கள் பட்டியலில் ஒரு வரியாக இடம்பெறுவதோடு சரி. அவை பக்திப் பயிற்சியாகவோ யாப்புத் திறன் காட்டும் முயற்சியாகவோ கருதப்பட்டு ஒதுக்கப்படுகின்றன. ஆனால் அவை எழுந்த ஊரும் காலமும் அமைதியானவை அல்ல. படையெடுப்புக்கும் ஒடுக்குமுறைக்கும் அஞ்சி ஆறு கடந்து வந்த மக்கள் குடியேறிய ஊர் ஏலாக்குறிச்சி. அம்மக்கள் பாடுவதற்கும் கேட்பதற்கும் உரியனவாக அமைந்த அந்நூல்களைப் போர்க்காலப் பாடல்களாக எண்ணிப் பார்க்க இடமுண்டா என்னும் வினாவை முன்வைத்து அவர் வாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பிறந்த ஊரும் போரும்

கான்ஸ்தாந்தியுஸ் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8ஆம் நாள் வட இத்தாலியில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். புனித அலோசியுஸ் கொன்சாகா பிறந்த ஊரும் அதுவே. 1698இல் இயேசு சபையில் சேர்ந்த பெஸ்கி, பொலோஞா நகரில் இறையியல் பயின்றார். அக்காலத்தில் ஐரோப்பா முழுவதையும் ஸ்பானிய அரசுரிமைப் போர் (1701–1714) அலைக்கழித்துக்கொண்டிருந்தது. 1706 செப்டம்பரில் அவர் பிறந்த ஊரின் எல்லையிலேயே பிரெஞ்சுப் படையும் ஹெஸ்ஸேப் படையும் பொருதன. வெற்றி பிரெஞ்சுக்காரருக்குக் கிட்டியது. இரண்டாண்டுக்குள் மாந்துவாவின் கொன்சாகா ஆட்சியும் முடிவுற்றது. தமிழில் எழுதப்பெற்ற வரலாறுகள் இச்செய்தியைப் பெரும்பாலும் கருதுவதில்லை. சொந்த ஊர் போர்க்களமானதைத் தம் இருபத்தைந்தாம் அகவையில் அறிந்த ஒருவரே பின்னர்க் கொள்ளிடக் கரையில் அடைக்கலம் என்னும் சொல்லைத் தம் பாடல்களுக்கு அச்சாகக் கொண்டார் என்பது கருதத்தக்கது.

அவர் வளர்ந்த கத்தோலிக்க ஐரோப்பாவில் மரியன்னை வழிபாடு போரோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. 1571இல் லெபாந்தோ கடற்போரில் துருக்கியர் தோற்றபோது அவ்வெற்றி அன்னையின் துணையால் வந்ததெனக் கொண்டு செபமாலை விழா ஏற்பட்டது. 1683இல் வியன்னா முற்றுகை முறியடிக்கப்பட்டபோது அன்னையின் திருப்பெயர் விழா திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கப்பட்டது. வெற்றி கிட்டிய நகரங்களில் நன்றிப் பண் இசைப்பது வழக்கம். அங்கே மரியன்னை வெற்றியின் தலைவி. ஏலாக்குறிச்சியில் அவர் பெற்ற பெயரோ அடைக்கல நாயகி. இரு பெயர்களும் ஒரே வழிபாட்டு மரபிலிருந்து வந்தவை என்றாலும், வென்றவர் பாட்டுக்கும் ஓடிவந்தவர் பாட்டுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

தமிழகம் வருகை

1709இல் குருப்பட்டம் பெற்ற பெஸ்கி, 1710இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறிக் கோவா வந்தடைந்தார். 1711இல் மதுரை மறைப்பணித் தளத்தில் சேர்ந்தார். அத்தளம் இராபர்ட் தெ நொபிலி தொடங்கியது. ஓரியூரில் 1693இல் தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தரை இழந்தது. காமநாயக்கன்பட்டியை மையமாகக் கொண்ட முதல் சில ஆண்டுகளிலேயே பெஸ்கியும் சிறைப்பட்டார். குருக்கள்பட்டியில் பிடிக்கப்பட்டுக் கொலைத்தண்டனைக்கு உள்ளாகி, பின் விடுவிக்கப்பட்டார். நிலைபேறு உடையவர் என்னும் பொருள்படும் தம் இலத்தீன் பெயரைத் தைரியநாதர் எனத் தமிழாக்கிக்கொண்டவருக்கு அப்பெயர் வெறும் மொழிபெயர்ப்பாக நின்றுவிடவில்லை. வீரமாமுனிவர் என்னும் பெயர் பிற்காலத்தில் வழக்கூன்றியது. அதனைப் புலவர் அவை வழங்கியதாகக் கூறுவது மரபு.

ஏலாக்குறிச்சியின் நிலை

ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் வடகரை நாட்டில், அரியலூர் மழவராயர் பாளையத்துக்குள் அமைந்த ஊர். தெற்கே ஆற்றைக் கடந்தால் தஞ்சை மராத்திய அரசு. அரசியலில் இவ்வாறே ஓர் எல்லைக்கோடாகவும் விளங்கியது. 1701இல் ஷாஜி ஆட்சியில் தஞ்சை நாட்டுக் கிறித்தவர்மீது கடும் ஒடுக்குமுறை ஏவப்பட்டது. கோவில்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் சிதறின. தஞ்சை ஆணை செல்லாத வடகரை அவர்களுக்குப் புகலிடமாயிற்று. அடைக்கல அன்னை என்னும் பெயரும், திருக்காவலூர் என முனிவர் ஊருக்கு இட்ட பெயரும் இந்நிலவியலிலிருந்து பிறந்தவை. காவல் என்னும் சொல் இறையியலுக்கு முன்னர் அரசியல் பொருள் தருவது என்பதை இவ்வூரில் நின்று பார்ப்பவர் எளிதில் உணர்வர்.

மழவராயருக்கு வந்த இராசபிளவை முனிவர் மருத்துவத்தாலும் அன்னை அருளாலும் நீங்கியது என்றும், அதற்கு நன்றியாகக் கோவிலுக்கு நிலம் கொடுக்கப்பட்டது என்றும் ஊர்மரபு உரைக்கிறது. அற்புதத்தை நம்பிக்கைக்கு விட்டுவிட்டாலும், பாளையக்காரர் ஒருவர் அயல்நாட்டிலிருந்து வந்த ஏதிலிகளைத் தம் எல்லைக்குள் இருக்கவிட்டார் என்னும் வரலாற்றுச் செய்தி எஞ்சுகிறது. பாதுகாப்பு ஒரு தலைவனின் மனநிலையைப் பொறுத்திருந்தது. அது எந்நாளும் மாறலாம் என்பதை அம்மக்கள் அறிந்தே வாழ்ந்தனர்.

1720களில் முனிவரின் எழுத்துப்பணி பெருகியது. தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. 1729இல் அதற்கு அவரே உரை வரைந்தார். வேதியர்களுக்கு வழிகாட்டும் வேதியர் ஒழுக்கம், மறை விளக்கும் வேத விளக்கம், 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி என நூல்கள் தொடர்ந்தன. இவை பலரும் ஆய்ந்தவை. அவற்றுள் சதுரகராதி தரும் ஒரு செய்தி மட்டும் இங்கு வேண்டப்படுகிறது.

தெரிந்தும் பாடாத வகைகள்

சதுரகராதியின் தொகையகராதி தொண்ணூற்றாறு பிரபந்த வகைகளைத் தொகுத்துரைக்கிறது. சிற்றிலக்கிய ஆய்வாளர் பலரும் மேற்கோளாகக் கொள்வது இதனையே. அவ்வகைகளுள் போரைப் பொருளாகக் கொண்டவை கணிசமானவை: பரணி, வெட்சி மாலை, கரந்தை மஞ்சரி, போர்க்கெழு வஞ்சி, காஞ்சி மாலை, நொச்சி மாலை, உழிஞை மாலை, தும்பை மாலை, வாகை மாலை, செருக்கள வஞ்சி. ஆநிரை கவர்தல் முதல் களத்தில் பேய் கூழடுதல் வரை போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ் வகுத்து வைத்திருந்த பாட்டு வடிவங்களை வீரமாமுனிவர் நன்கறிந்திருந்தார். அறிந்திருந்தும் அவற்றுள் ஒன்றையும் தாம் கையாளவில்லை. முற்றுகைக்கு உள்ளான அரணைக் காத்தலைப் பாடும் நொச்சி, காவலூர் என்னும் பெயருக்கு எத்துணை அணித்தாய் வருகிறது என்பதை எண்ணும்போது இவ்விலகல் தற்செயலாகத் தோன்றவில்லை.

அவர் தேர்ந்தவை கலம்பகம், அந்தாதி, வெண்கலிப்பா, மாலை, அம்மானை ஆகியன. கலம்பகத்துக்குப் போர்த்தொடர்பு இல்லை எனச் சொல்லிவிட முடியாது. தெள்ளாற்று வெற்றி கொண்ட மூன்றாம் நந்திவர்மனைப் போற்றும் நந்திக் கலம்பகம் அவ்வகையின் முதல் நூல். அரசனின் வாளும் யானையும் அதில் மீண்டும் மீண்டும் வருவன. பின்வந்த சமயக் கலம்பகங்கள் அரசன் இருந்த இடத்தில் இறைவனை வைத்தன. திருக்காவலூர்க் கலம்பகம் அவ்விடத்தில் அடைக்கலம் தரும் அன்னையை வைக்கிறது. பாட்டுடைத் தலைமை வெல்பவரிடமிருந்து காப்பவரிடம் பெயர்கிறது. களத்தில் நின்று வெற்றியைக் காணும் பாணனுக்குக் கலம்பகம் தந்த குரல், இங்கே களத்திலிருந்து தப்பி வந்தவருக்கு உரியதாகிறது. இம்மாற்றத்தை வடிவ மரபின் வளர்ச்சி என்ற அளவில் மட்டும் விளக்குவது போதாது. இவ்வூரில் யார் கேட்டனர் என்பதும் அதற்குக் காரணம் எனக் கொள்வதே பொருந்தும்.

அன்னை அழுங்கல் அந்தாதி இறந்த மகனுக்காகத் தாய் புலம்புவது. கிறித்தவ மரபில் அது வியாகுல அன்னையின் அழுகை. தமிழ் மரபிலோ களத்தில் மகனை இழந்த தாயின் குரல் புறத்திணைக்குப் புதிதன்று. அந்தாதித் தொடை ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கமாக்குவதால் எழுத்தறியாதவரும் மனத்திற்கொள்ள உதவும். துயரம் ஓயாது தொடர்வதற்கும் அது ஏற்ற வடிவம். அழுவதற்கு ஒரு முறையை அமைத்துத் தருவதும் ஊக்கம் ஊட்டுவதன் ஒரு பகுதியே. போர்க்காலப் பாடல் என்றவுடன் முரசும் நடைப்பாட்டும் மட்டும் நினைவுக்கு வருவது அப்பாடல்களைப் படை அணிவகுப்பின் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியதன் விளைவாகும்.

மக்கள் வாய்க்கு மிக நெருங்கியது கித்தேரியம்மாள் அம்மானை. அரசகுலத்தில் பிறந்து, தந்தையின் ஆணைக்குப் பணியாது, தப்பியோடி, கொலையுண்டு மாண்ட புனித கித்தேரியாவின் கதை அது. தேம்பாவணியின் செறிந்த நடைக்கும் இந்நூலின் எளிய நடைக்கும் இடையே உள்ள வேறுபாடு, இரண்டும் ஒருவர் இயற்றியவையா என ஐயுறும் அளவினது. மகளிர் காய் எறிந்து ஆடும் விளையாட்டிலிருந்து கதைப்பாடலாக வளர்ந்த அம்மானை, உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கானது. ஆளும் ஆற்றலுக்கு அஞ்சாத ஒரு பெண்ணின் கதை, அத்தகைய ஆற்றலுக்கு அஞ்சி ஊர் விட்டு வந்த குடும்பங்களின் நடுவே பாடப்படும்போது என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. நூலைப் பரப்ப அச்சு வசதி இல்லாத சூழலில் வேதியர்களே இத்தகைய பாடல்களை ஊர்தோறும் கொண்டு செல்லத்தக்கவர். அவர்களை முனிவர் தாமே பயிற்றினார்.

தேம்பாவணியில் போர்

காப்பியத்தில் போர் இல்லாமல் இல்லை. சோசுவன் வெற்றிப் படலம் யோசுவாவின் போர்களை விரிக்கிறது. அதனைத் தொடர்ந்து கிதியோனின் வெற்றி பேசப்படுகிறது. காப்பிய மரபு வேண்டும் தானை, தேர், குருதிப் பெருக்கு யாவும் அங்குண்டு. எனினும் அவை அமைந்த இடம் கருதத்தக்கது. குழந்தையைக் கொல்ல நினைத்த எரோதனுக்கு அஞ்சி வளனும் மரியும் எகித்து நாட்டுக்கு ஓடும் வழியில் வருவன இப்படலங்கள். ஏதிலிகளாக நடக்கும் மூவருக்கு ஆறுதலாகவே முன்னோர் வெற்றிகள் எடுத்துரைக்கப்படுகின்றன. எரிகோ மதில் எக்காள ஒலியால் வீழ்ந்ததும், கிதியோனின் முந்நூற்றுவர் குடமும் தீப்பந்தமும் கொண்டு பெரும்படையைக் கலக்கியதும் படைவலி அற்றவரின் வெற்றிகள். விவிலியத்தின் எத்தனையோ போர்களுள் இவ்விரண்டையும் தனிப் படலமாக்கிய தேர்வு, வடகரையில் வாழ்ந்த கேட்போரை நினைந்து செய்யப்பட்டது எனக் கருதலாம்.

சந்தா சாகிப்பும் இறுதி ஆண்டுகளும்

1732க்குப் பின் மதுரை நாயக்கர் ஆட்சி மீனாட்சி அரசியின் கையில் தளர்ந்து, 1736இல் சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றியதோடு முடிந்தது. முனிவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்று அவரைக் கண்டார் என்றும், நிலமானியம் பெற்றுத் திவானாக விளங்கினார் என்றும் 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு கூறுகிறது. பல்லக்கு, புலித்தோல் இருக்கை, குதிரை வீரர் சூழ் பவனி ஆகிய வண்ணனைகளும் அந்நூல் வழி வந்தவையே. நட்பும் கொடையும் நம்பத்தக்கவை. திவான் பதவியை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. துறவி ஒருவரைப் படைத்தலைவர் போலக் காட்ட விரும்பிய பிற்கால ஆர்வமே அவரது பாடல்களின் மெலிந்த குரலை மறைத்தது எனலாம்.

1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் இரகோஜி போன்சுலேயின் மராத்தியப் படை ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியைக் கொன்றது. திருச்சிராப்பள்ளி முற்றுகையிடப்பட்டு 1741 மார்ச்சில் வீழ்ந்தது. சந்தா சாகிப் சதாராவுக்குச் சிறைக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்டார். முனிவரும் தெற்கே கடற்கரைக்குப் பெயர்ந்தார். அடைக்கலத்தைப் பாடியவர் அறுபதாம் அகவையில் தாமே அதனைத் தேட நேர்ந்தது. 1742இல் மணப்பாட்டில் மறைந்தார் என்னும் பழைய வழக்கு பிழைபட்டது. அவர் சேர நாட்டு அம்பலக்காட்டில் 1747 பிப்ரவரி 4ஆம் நாள் காலமானார் என்பதே சபை ஆவணங்கள் வழித் துணியப்பட்டது. அருளானந்தர் ஓரியூரில் கொலையுண்டதும் அதே பிப்ரவரி 4ஆம் நாளே.

அவர் மறைந்த ஆண்டில் கருநாடகப் போர் தொடங்கிவிட்டது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், நவாபு, மராத்தியர் எனப் பல படைகள் கொள்ளிடத்தின் இரு கரைகளையும் மிதித்தன. 1765இல் நவாபு முகமது அலியின் படை அரியலூரையும் உடையார்பாளையத்தையும் கைப்பற்ற, பாளையக்காரர் இருவரும் நாடிழந்து வெளியேறினர். அடைக்கலம் கொடுத்த மழவராயர் மரபே அடைக்கலம் நாடிச் சென்றபின்னும் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் கோவில் நின்றது.