படுக்கையினின்று பணிபுரிந்த அம்மையார்

இரவில் விளக்கேந்திச் சென்று, கிரைமியா யுத்தத்திற் காயமுற்ற போர்வீரரைப் பேணிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இலர். ஆயினும், அவர் அவ்விளக்கை ஏந்திய காலம் ஈராண்டினுங் குறைவே என்பதையும், அதன்பின் நெடுங்காலம் நோயாளியாகவே வாழ்ந்தார் என்பதையும் அறிந்தார் சிலரே.

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலக் குடும்பத்தில் இவர் பிறந்தார். 1854ஆம் ஆண்டு நவம்பரில் 38 தாதியருடன் துருக்கி தேசத்து ஸ்கூட்டாரி மருத்துவசாலையை அடைந்தார். அடுத்த மே மாதத்தில் பாலக்ளாவாவிற் கடுஞ்சுரங் கண்டு, மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். சுரம் தணிந்ததேயன்றி அதன் வித்து அகன்றிலது. தாய்நாடு திரும்பிய பின் 1857ல் நோய் மறுபடியும் தாக்கிற்று. 1861ஆம் ஆண்டின் இறுதியில் முதுகெலும்பைப் பற்றிய கொடிய வேதனை அவரைப் படுக்கையில் வீழ்த்திற்று. ஏறக்குறைய ஆறாண்டுகள் நடக்க இயலாமல், பிறர் தூக்கிச் செல்லும் நிலையினரானார். புரூசெல்லோசிஸ் என்னும் தொற்றுநோயே இதற்குக் காரணமென இக்கால ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அந்நோயின் கிருமியை டேவிட் புரூஸ் என்பார் மால்ட்டாவிற் கண்டறிந்தது 1887ஆம் ஆண்டிலேயாம். ஆதலின் அந்நாளைய வைத்தியர்கள் ஓய்வு கொள்ளுமாறு கூறுவதன்றி வேறொன்றும் செய்ய வல்லராயினாரல்லர்.

பணியை விடுவதா, தொடர்வதா? அவர் ஓய்ந்திருந்தால் குறைகூறுவார் எவருமில்லை. செல்வமும் புகழும் அவருக்கு நிரம்ப இருந்தன. ஆனால் இந்தியாவில் ஆங்கிலப் போர்வீரர் ஆண்டுதோறும் ஆயிரவரில் 69 பேர் மாண்டுகொண்டிருந்தனர். அவருட் பெரும்பாலோரை மாய்த்தது பகைவர் வாளன்று; அழுக்கு நீரும், கழிவுநீர் வடியாத நிலமும், நெருக்கமான இருப்பிடங்களுமே. இதனை ஆராய 1859ல் அரசாங்கக் குழுவொன்று அமைந்தது. அதன் வேலையிற் பெரும்பகுதி அம்மையாருடையதாயிற்று.

அவர் செய்த முடிவு இது: உடல் செய்யவொண்ணாததை அறவே விட்டார், செய்யக்கூடியதை விடாது பற்றினார். மருத்துவசாலையில் நடந்து திரிதலையும், கூட்டங்களையும், விருந்துகளையும் துறந்தார். ஒரு வேளைக்கு ஒருவரையன்றிக் காணார். எஞ்சிய வலிமை முழுவதையும் எழுதுகோலுக்கே அளித்தார். இந்தியாவின் படைநிலையங்களுக்கு வினாத்தாள்கள் சென்றன. குவிந்த விடைகளை அவர் நோயோடிருந்தே ஆராய்ந்தார். 1863ல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், அந்த 69 என்னும் மரணத்தொகை 18 ஆகக் குறைந்ததென அவரே எடுத்துரைத்தார். இந்திய மண்ணை அவர் ஒருநாளும் மிதித்தவரல்லர்.

அவர் வாழ்வில் ஒரு நிழலும் உண்டு. அவருடைய உற்ற நண்பரும் யுத்த மந்திரியுமான சிட்னி ஹெர்பர்ட், சிறுநீரக நோயால் நலிந்திருந்தபோதும், அவரை மேலும் உழைக்குமாறு அம்மையார் தூண்டினார். 1861ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹெர்பர்ட் காலமானார். அம்மையாரின் துயரம் அளவிறந்தது. தன்னுடலிடம் ஒருவர் கேட்கத்தக்கதைப் பிறருடலிடம் கேட்டல் தகாது என்பதை இது காட்டுகின்றது.

முதுமையில் வேதனை தணிந்தது. 1907ல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருதைப் பெண்டிருள் முதல்வராகப் பெற்றார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி, தமது தொண்ணூறாம் வயதில், இலண்டனில் உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்களே! பிணியுற்றோர் யாவரும் இவரைப்போல் உழைத்தே தீரவேண்டுமென்பது இச்சரிதையின் பொருளன்று. ஓய்வு வேண்டியவர் ஓய்வு கொள்ளுதல் இழுக்காகாது. பணியைத் தொடர விரும்புவோர், எதனை விடுவது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். அத்தெளிவே, ஒரு படுக்கையறையினின்று ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.