நெட்டால் வீரர் பாப்வா ஸெவ்கோலம்

கோல்ப் என்னும் பந்தாட்டத்தைப் பற்றி இப்பத்திகளில் நாம் எழுதப் புகுந்ததைக் கண்டு நமது நேயர்களிற் சிலர் வியப்படையக்கூடும். பரந்த புல்வெளியும், ஓய்வும், பணமும் வாய்ந்த கனவான்களின் பொழுதுபோக்கு அது என்பதே நம்மவரின் பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் முற்றிலும் பிழையுமன்று. ஆயினும், அவ்வாட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்ட எழுத்தறியாத ஏழை இந்தியர் ஒருவர், தென்னாப்பிரிக்காவின் நிறத் துவேஷ ஸர்க்காரை உலகத்தார் முன்னிலையில் வெட்கித் தலைகுனியும்படி செய்த வரலாற்றைத் தேசாபிமானிகள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

1860-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற கப்பலொன்று, ஒப்பந்தக் கூலிகளின் முதற் கூட்டத்தை நெட்டாலின் டர்பன் நகரத்தில் இறக்கிவிட்டது. 1911-ம் வருஷம் வரையில் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒன்றரை லக்ஷத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அப்படிப் போனவர்களின் சந்ததியில் தோன்றியவரே ஸெவ்ஸங்கர் ஸெவ்கோலம். சிவசங்கர் என்னும் திருநாமமே அயலார் எழுத்தில் இவ்வாறு உருமாறிற்று. பாப்வா என்பது அவர் செல்லப் பெயர். உலகம் அவரை அறிந்ததும் அப்பெயராலேயே.

டர்பனுக்கு அருகே கடலோரத்தில் வறுமையிலேயே அவருடைய இளம்பருவம் கழிந்தது. தந்தை இளமையிலேயே மறைந்தார். தாயோ கண் பார்வையற்றவர். பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய வயதில் பாப்வா, பீச்வுட் என்னும் இடத்திலிருந்த வெள்ளையர் கோல்ப் சங்கத்தில் துரைமார்களின் பந்தாட்டக் கோல்கள் நிறைந்த பையைத் தோளிற் சுமந்து பின்செல்லும் வேலைக்கமர்ந்தார். அம்மைதானத்தில் அவர் சுமக்கலாம்; ஆடக் கூடாது. ஆகையால் மரக்கிளை ஒன்றைக் கோலாகச் செதுக்கிக்கொண்டு, கடற்கரை மணலில் தாமே அடித்துப் பழகினார். கற்பிப்பார் ஒருவருமில்லை. வலக்கையால் ஆடுவோர் அனைவரும் கோலை இடக்கை மேலும் வலக்கை கீழுமாகப் பிடிப்பது வழக்கம். பாப்வாவோ வலக்கையை மேலும் இடக்கையைக் கீழுமாக வைத்துப் பிடித்தார். அவ்வாறு பிடித்தவன் பந்தை நேராக அடிக்கவே முடியாதென்று ஆட்ட சாஸ்திரம் கற்ற பண்டிதர்கள் கூறுவர். பண்டிதர்களின் தீர்ப்பு பாப்வாவின் காதுக்கு எட்டுமுன்பே அவர் பந்து இலக்கை எட்டிவிட்டது! அப்பிடி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

வெள்ளையரல்லாதார் தமக்குள் நடத்திய பந்தயங்களில் அவர் வெற்றிமேல் வெற்றி பெற்றார். எனினும் அவ்வெற்றிகள் வயிறு நிரப்பவில்லை. கிரஹாம் உல்ப் என்னும் வெள்ளையர் ஒருவரே அவருடைய திறமையை மதித்துக் கைகொடுத்தார். ‘ஆயில் ஆப் ஓலே’ என்ற முகப்பூச்சைக் கண்டுபிடித்த இரசாயன நிபுணர் இவர். அக்கிரமமான ஒரு சமூகத்திலும் நியாயமறிந்த மனிதர் இருப்பர் என்பதை மறைக்காமற் கூறுவது நம் கடமை. 1959-ம் வருஷம் உல்ப் தமது சொந்த விமானத்திலேயே பாப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வருஷமே ஹாலந்து தேசத்தின் பகிரங்கப் பந்தயத்தில் பாப்வா முதலிடம் பெற்றார். மறுவருஷமும் சென்று அப்பட்டத்தைக் காத்துக்கொண்டார். ஹாலந்துக்காரர் கண்ணுக்கு அவர் சிறந்த ஆட்டக்காரராகத் தோன்றினார். சொந்த நாட்டு ஸர்க்காரின் கண்ணுக்கோ அவர் வெறுங் கூலியின் பேரரே.

தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்வு நாடோடி வாழ்வு. தென்பாதியில் கோடையாக இருக்கும் டிசம்பர் முதல் மார்ச்சு வரையில் ஆப்பிரிக்காவில் ஊரூராகப் பந்தயங்கள். பிறகு ஐரோப்பாவில் கோடை பிறந்ததும் அங்கே செல்ல வேண்டும். ஒவ்வொரு பந்தயமும் பெரும்பாலும் நான்கு சுற்று. சுற்றொன்றுக்குப் பதினெட்டுக் குழிகளாக எழுபத்திரண்டு குழிகள். அடி குறைந்தவர்க்கே பரிசு. மற்றவர்களுக்குக் கவலை இவ்வளவே. பாப்வாவுக்கோ ஒவ்வொரு பந்தயத்திற்கும் முன்னே ஸர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஹாலந்தின் வெற்றிகளுக்குப் பின்னரே வெள்ளையரோடு போட்டியிட அச்சீட்டு அவருக்குக் கிடைக்கலாயிற்று. கிடைத்தபின்னும் சங்கக் கட்டிடத்துக்குள் அவர் கால் வைக்கலாகாது. உடை மாற்றுவதும் உணவருந்துவதும் அவருக்குக் காரிலேயே. ஒரே புல்லில் ஒரே பந்தை அடித்த மனிதர்களில் ஒருவர் மட்டும் சோற்றுவேளையில் வெளியே!

இந்நிலையில் வந்தது 1963-ம் வருஷத்துப் பருவம். அதன் தொடக்கத்தில் டர்பன் கன்ட்ரி கிளப் மைதானத்தில் நெட்டால் பகிரங்கப் பந்தயம் நடந்தது. கடலோர மணல்மேடுகளின்மேல் அமைந்த அம்மைதானம், காற்றின் குணம் அறியாதவரை ஏமாற்றிவிடும். பாப்வா அக்கடற்காற்றிலேயே வளர்ந்தவர். தேர்ந்த வெள்ளை ஆட்டக்காரர் அத்தனை பேரையும் பின்னிடச் செய்து அவர் ஜெயித்தார். அப்பொழுது மழை பெய்துகொண்டிருந்தது. சங்கத்தார் கட்டிடத்துக்குள்ளே நனையாமல் நின்றனர். ஜெயித்தவர் வெளியே மழையில் நின்றபடி வெற்றிக் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். உள்ளே பரிமாறிக்கொண்டிருந்த பணியாட்கள் இந்தியரே என்பர். அவர்கள் உள்ளே செல்லச் சட்டம் இடம் கொடுத்தது, பந்தயத்தில் வென்ற இந்தியருக்கோ கொடுக்கவில்லை! 1950-ம் வருஷத்துப் பிரதேசப் பாகுபாட்டுச் சட்டத்தின் இலக்ஷணம் அத்தகையது.

அந்தக் காட்சியின் புகைப்படம் தேச தேசாந்தரங்களிலுள்ள பத்திரிகைகளில் வெளிவந்தது. நிறப் பிரிவினையால் ஒருவருக்கும் தீங்கில்லையென்று பிரிட்டோரியாவின் பிரதிநிதிகள் அயல் நாடுகளில் பேசிவந்த பேச்சுக்கெல்லாம் அவ்வொரு படமே பதிலாயிற்று. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு அரங்குகளினின்றும் விலக்கிவைக்க வேண்டுமென்ற கிளர்ச்சி அப்போதே வலுப்பெற்றுவந்தது. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்கு விடுத்திருந்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. பல தலைவர்கள் பல்லாண்டு செய்த உழைப்பின் பலன் அது என்பதில் ஐயமில்லை. மழையில் நனைந்த அந்த மனிதருக்கும் அதில் பங்குண்டென்று நாம் சொல்லுவோம்.

பாப்வா அவ்வருஷமே இங்கிலாந்துக்குச் சென்று, லிதம் நகரில் நடந்த பிரிட்டிஷ் பகிரங்கப் பந்தயத்தில் பதின்மூன்றாம் ஸ்தானத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். 1964-ல் ஹாலந்துப் பட்டம் மூன்றாம் முறையாக அவருக்குக் கிடைத்தது.

1965-ல் நெட்டால் பந்தயத்தில் மீண்டும் அவர் ஜெயித்தபோது, அவரிடம் தோற்றவர் கேரி பிளேயர். உலகின் நான்கு பெரும் பட்டங்களில் மூன்றை அதற்குள் அடைந்துவிட்ட அவர், நான்காவதையும் அவ்வருஷமே அமெரிக்காவில் அடைந்தார். அப்படிப்பட்டவரை வென்ற இந்தியருக்கு ஸர்க்கார் அளித்த வெகுமதி யாது? அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டது. உள்நாட்டின் பெரும் பந்தயங்களிலெல்லாம் அவருக்குக் கதவு அடைபட்டது. வெளிநாடு செல்லும் பாஸ்போர்ட்டும் பின்னர்ப் பறிக்கப்பட்டது. பிளேயர் 1966-ல் எழுதிய நூலில் அந்த ஸர்க்காரின் கொள்கையையே ஆதரித்தார். பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாப்வாவின் ஆட்டத்துக்குரிய வருஷங்கள் அதற்குள் போய்விட்டன.

வெள்ளையரிடம் அனுமதி வேண்டி நின்று ஆடியது தன்மானத்துக்கு இழுக்கென்று நம் நேயர்களிற் சிலர் நினைக்கலாம். கொள்கையளவில் அதற்கு நியாயமுண்டு. சீட்டு வாங்குவோன் சீட்டுக் கொடுப்பவனின் அதிகாரத்தை ஒப்புக்கொள்கிறான் அல்லவா? ஆனால் பாப்வா அரசியல்வாதியல்லர். மேடையேறிப் பேசியவருமல்லர். அவருக்குத் தெரிந்தது ஒரே தொழில். அத்தொழிலைச் செய்ய வேறிடமில்லை. குடும்பத்துக்குச் சோறு தேட வேண்டியவர் மைதானத்தின் வாசலில் நின்றதை, நிறைந்த வயிற்றோடிருந்து நாம் குற்றஞ் சொல்லத் துணியமாட்டோம். ஆட்டத்தில் தோற்றிருந்தால் ஸர்க்கார் அவரைத் தன் தாராள குணத்துக்குச் சாட்சியாகக் காட்டியிருக்கும். அவர் ஜெயித்துவிட்டதே அதற்குச் சங்கடமாயிற்று.

ஆட இடமும் போக வழியுமின்றி, வறுமையிலேயே 1978-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மாரடைப்பால் அவர் காலஞ்சென்றார். ஐம்பது வயதே அவருக்கு ஏறத்தாழ. நிறப் பிரிவினை ஆட்சி வீழ்ந்து எல்லோரும் வாக்களித்தது 1994-ல். புதிய குடியரசு அவருக்கு மரணத்துக்குப் பிந்திய விருதளித்துக் கௌரவித்தது. டர்பனில் உம்கெனி நதிக்கரையிலுள்ள நகரசபையின் கோல்ப் மைதானத்துக்குப் பாப்வா ஸெவ்கோலம் என்றே பெயர்.